பரிசுப் பணமே இல்லாத போட்டிக்கு ஏன் வாத்து வரைய வேண்டும்?

11 ஏப்ரல் 2023, கேள்வி

அக்கா, அமெரிக்க அரசின் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் ஓவியப் போட்டிக்கு இந்த வருடம் படம் அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். நானும் விதிகளை எடுத்துப் படித்தேன். நுழைவுக் கட்டணம் 125 டாலர். ஜெயித்தால் காசு ஒன்றும் கிடையாது. இன்டீரியர் துறைச் செயலர் கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் தாள் ஒன்று தருவார்களாம். போதாததற்கு அது வாத்து சுடுகிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய ஸ்டாம்ப். சுடுகிறவனுக்குச் சீட்டு அச்சடிக்கப் படம் வரைந்து கொடுத்துவிட்டு, அதைப் பறவைப் பாதுகாப்பு என்று சொல்வது எப்படிச் சரி? சண்டைக்குக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்கிறேன்.

11 ஏப்ரல் 2023, இரவு

தம்பி, நல்ல கேள்வி. ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது. முதலில் பணத்தை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஸ்டாம்ப் தபாலுக்கு ஒட்டுகிற ஸ்டாம்ப் இல்லை. 16 வயது ஆன, அதற்கு மேற்பட்ட எவரும் நீர்ப்பறவை வேட்டைக்குப் போக இதை வாங்கியாக வேண்டும். 1934 மார்ச் 16-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். அப்போது விலை 1 டாலர், இப்போது 25. ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்ப்பறவைகளுக்கு நிலம் வாங்கவும் குத்தகை எடுக்கவும் போகிறது. இதுவரை 110 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது, 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் கட்டும் 125 டாலர் போட்டிக் கட்டணம், அது வேறு. நிலத்துக்குப் போவது ஸ்டாம்ப் விற்ற பணம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜெயித்தவருக்கு அரசு பணம் தராது என்பது உண்மை. ஆனால் தன் படத்தின் பிரதிகளை அவர் விற்றுக்கொள்ளலாம். 1980களில் அந்தப் பிரதிகளுக்குப் பெரிய கிராக்கி இருந்தது, வென்றவர்கள் லட்சக்கணக்கில் சம்பாதித்தார்கள். இப்போது அந்தச் சந்தை மிகவும் சுருங்கிவிட்டது.

எனக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. நான் வரைந்த ஒரு பறவையை ஊர் ஊராகத் தபால் நிலையத்தில் விற்று, அந்தக் காசில் அதே பறவைக்குக் குட்டை வாங்குவார்கள் என்றால், அதைவிடப் பெரிய வேலையை என் பிரஷ் எங்கே போய்ச் செய்யும்?

வேட்டையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

14 ஏப்ரல் 2023

நாளைக்கு என்றேன், மூன்று நாள் ஆகிவிட்டது. எழுத எழுத அழித்தேன்.

நான் பிறந்தது மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கல் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். மார்கழியில் அப்பா கூட்டிப் போவார். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கடப்ப மரம் முழுக்க உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஓரமாக ஊசிவால் வாத்து. சாக்லெட் நிறத் தலை, வெள்ளைக் கழுத்து, பின்னால் ஊசி போல இரண்டு இறகு. வடக்கே எங்கோ பனிப் பிரதேசத்திலிருந்து வருகிறது என்று அப்பா சொன்னதை நான் நம்பவில்லை. இத்தனை சின்னது எப்படி அவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள், பறவை கலையும் என்று. காரணம் பாசம் மட்டும் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஏரியும் பறவையும் வயலும் ஒரே கணக்கில் இருந்தன. இங்கே அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாத்து இருந்தால்தான் வேட்டை, குட்டை இருந்தால்தான் வாத்து. அதனால் குட்டைக்குப் பணம் கட்டுகிறார்கள். யாருக்கு அந்தத் தண்ணீர் தேவையோ அவர்கள்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள்.

நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். ஆனாலும் இந்த ஸ்டாம்பை வருடா வருடம் வாங்குகிறேன். வேட்டைக்குப் போகாதவரும் வாங்கலாம். வனவிலங்குப் புகலிடங்களில் நுழைவுக் கட்டணம் இருந்தால் இதைக் காட்டி இலவசமாகப் போகலாம்.

15 ஏப்ரல் 2023

நேற்று எழுதிய ஒப்பீட்டைக் காலையில் திரும்பப் படித்தேன். பாதி தப்பு.

வேடந்தாங்கலில் நடந்தது நேர் எதிர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் திரண்டுபோய் கலெக்டரிடம் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். லயனல் பிளேஸ் என்ற செங்கல்பட்டு கலெக்டர், 1798. அங்கே சுடுகிறவனிடமிருந்து பறவையைக் காத்தது ஊர். இங்கே சுடுகிறவனே பணம் தருகிறான். இரண்டும் ஒன்று என்று நான் எழுதியிருக்கக் கூடாது. தண்ணீர் தேவைப்பட்டவர்கள் காத்தார்கள் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

உன் கேள்வியின் கூர்மை அப்படியே இருக்கிறது, தம்பி. அது இல்லை என்று நான் சொல்லவில்லை.

23 ஏப்ரல் 2023

மூன்று மணி நேரம் கார் ஓட்டி ஆர்டன்வில் போய் வந்தேன். மினசோட்டாவின் மேற்கு ஓரம். அங்கே பிக் ஸ்டோன் புகலிடம் இருக்கிறது. இந்த வருடம் பனி லேசில் நகர மாட்டேன் என்கிறது. வயலெல்லாம் பாதி வெள்ளை, பாதி சேறு. சோளம் அறுத்த தாள் நடுவே உருகிய தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதில்தான் ஊசிவால். பனி உடைந்ததும் முதலில் வந்து சேரும் வாத்துகளில் இதுவும் ஒன்று.

போகும் வழியில் ஒரு சாதாரண வயலோரக் குட்டை. பக்கத்தில் சின்னப் பலகை, நீர்ப்பறவை உற்பத்திப் பகுதி என்று. இறங்கிப் பார்த்தேன். நம் ஊர் தாங்கல் அளவுகூட இல்லை. இந்தக் குட்டைகளெல்லாம் பனிப்பாறைக் காலத்து வடு. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது தரையில் விட்டுப்போன பள்ளங்கள் டகோட்டா, மினசோட்டா, அயோவா, கனடா வரை நிறைந்து கிடந்தன. வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு இந்தப் பள்ளங்களில்தான் பொரிக்கின்றன. விவசாயத்துக்காகத் தரைக்கடியில் குழாய் போட்டு வடித்து வடித்துப் பெரும்பாலானவற்றை இல்லாமல் செய்துவிட்டார்கள். 1958-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஸ்டாம்ப் பணத்தில் இப்படிச் சின்னக் குட்டைகளையும் வாங்க முடிந்தது.

வாங்காமலே காப்பாற்றவும் ஒரு வழி உண்டு. நிலம் விவசாயியிடமே இருக்கும். குட்டையை வடிக்க மாட்டேன், எரிக்க மாட்டேன், தூர்க்க மாட்டேன், சமன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பார். அதற்கு ஒரு தொகை தருவார்கள். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் யார் கைக்குப் போனாலும் அந்த எழுத்து கூடவே போகும்.

நான் பார்த்த குட்டையில் ஒரு ஜோடி. ஆண் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பின்பக்கம் நட்டுக்கொண்டு மேய்ந்தது. ஊசி இறகு வானத்தைக் குத்தி நின்றது. 140 போட்டோ எடுத்தேன்.

6 மே 2023

140 போட்டோவில் உதவுவது நாலுதான். எல்லாம் தூரம், அல்லது பின்பக்கம்.

இன்டர்நெட்டில் ஒரு அருமையான போட்டோ கிடைத்தது. அதே கோணம், அதே வெளிச்சம். அதை வைத்து ஸ்கெட்ச் முடித்து, போர்டிலும் இறக்கிவிட்டேன். இரண்டு வார வேலை. நேற்று ராத்திரி விதிகளைத் திரும்பப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. படம் சொந்தக் கற்பனையில் பிறந்ததாக இருக்க வேண்டும். வெளியான ஓவியத்தையோ போட்டோவையோ பார்த்து நகலெடுக்கக் கூடாது. கொஞ்சம் கழுத்தைத் திருப்பிவிட்டால் தெரியாது என்று மனசு சொன்னது. அப்புறம் யோசித்தேன். யாரோ ஒருவர் குளிரில் தண்ணீருக்குள் மணிக்கணக்காகப் படுத்து எடுத்த படம் அது. அவர் உழைப்பை எடுத்துக்கொண்டு என் பெயரில் அனுப்பவா?

போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். என் நாலு மங்கலான போட்டோவும் ஸ்கெட்ச் நோட்டும் போதும்.

6 மே 2023, மாலை

கம்ப்யூட்டரில் வரையலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. கையால் வரைந்த அசல்தான் போக வேண்டும். பிரிண்ட், போட்டோ எதுவும் ஏற்க மாட்டார்கள். அளவு 7க்கு 10 அங்குலம், படுக்கை வாட்டம். எழுத்து, எண், கையெழுத்து படத்தின் மேல் இருக்கக் கூடாது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை வேண்டும். எனக்குக் கிரீன் கார்டு இருப்பதால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு வருடமும் சில பறவைகளை மட்டும் அறிவிப்பார்கள், அதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வருடப் பட்டியலில் ஊசிவால் இருக்கிறது. அதனால்தான் நான் இந்த வருடம் இறங்கினேன்.

3 ஜூன் 2023

ஊசிவாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அதைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

1950களில் வட அமெரிக்காவில் ஒரு கோடிக்குப் பக்கம் இருந்தன. இப்போது கணக்கெடுப்பில் 20 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. மற்ற பல வாத்துகள் குட்டை நிரம்பிய வருடங்களில் மீண்டன, இது மீளவில்லை. காரணம் அது முட்டையிடும் இடம். தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளி, உயரம் குறைந்த புல்லில், போன வருடம் அறுத்த தாள் நடுவில் கூடு வைக்கும். அதுவும் மற்றவற்றுக்கு முன்பே, வசந்தம் தொடங்கும்போதே. அந்த நேரத்தில்தான் அடுத்த விதைப்புக்காக டிராக்டர் இறங்கும். தாளைப் புல்வெளி என்று நம்பிவிடுகிறது பறவை. அடைகாக்கிற பெட்டையின் மேல் கலப்பை வருகிறது.

ஆகவே பெட்டையையும் வரைவது என்று முடிவு செய்தேன். போட்டிக்கு வரும் ஊசிவால் படங்களில் ஆண்தான் ராஜா, அதன் அழகு அப்படி. எனக்கோ அந்தத் தாளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிறத்தவள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள்.

2 ஜூலை 2023

பத்து நாளாக விலாப்பக்கம் மட்டும் வரைகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஊசிவால் ஆணின் விலா வெறும் சாம்பல் நிறம். கிட்டத்தில் போனால் சாம்பலே இல்லை. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஓடும் மயிரிழைக் கோடுகள், ஒவ்வொன்றும் லேசாக நெளிந்து, பக்கத்துக் கோட்டைத் தொடாமல். அம்மா அரிசி மாவில் இழைக்கோலம் இழுப்பாள், இழை நடுங்கும் ஆனால் அறாது. அந்த நடுக்கம்தான் இது. மூன்று பூஜ்ஜியம் பிரஷ், அக்ரிலிக்கைப் பால் பதத்துக்குக் கரைத்து, மூச்சை நிறுத்தி ஒரு கோடு, விட்டு ஒரு கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தால் பறவை செத்துவிடுகிறது. நெளிவு கூடிப்போனால் துணி டிசைன் ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு என்னால் கட்டைவிரல் நகம் அளவுதான் முடிகிறது.

இத்தனையும் அச்சில் தீப்பெட்டி லேபிள் அளவுக்குச் சுருங்கும். பிறகு எதற்கு இத்தனை கோடு என்று என் கணவர் கேட்டார். போனில் படம் எடுத்து, சுருக்கிக் காட்டினேன். கோடு போட்ட பக்கம் உயிரோடு மின்னியது. இன்னும் போடாத பக்கம் தகரம் மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போனார்.

இந்த வருட ஸ்டாம்ப் விற்பனைக்கு வந்துவிட்டது. ஜோ ஹாட்மனின் அன்னங்கள். இங்கே மினசோட்டாவில் ஹாட்மன் சகோதரர்கள் மூன்று பேர், ஜிம், ஜோ, பாப். இந்த வருடம் வரை மூவரும் சேர்ந்து 15 முறை வென்றிருக்கிறார்கள்.

19 ஜூலை 2023

பெரிய தவறு ஒன்று. நான் கண்டுபிடிக்கவில்லை, தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் கண்டுபிடித்தார்.

அவர் பழைய வாத்து வேட்டைக்காரர், எழுபதைத் தாண்டியவர். படத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேரேஜில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய், பெட்டையின் அலகு நன்றாக வந்திருக்கிறது என்றார். ஆணின் அலகில் நடுவே கறுப்புப் பட்டை, இரு பக்கமும் நீலச் சாம்பல், அதுவும் சரி என்றார். பிறகு பின்னணியில் விரலை வைத்தார். இது எந்த மாதம் என்று கேட்டார்.

நான் சம்பங்கோரையைப் பச்சைப் பசேல் என்று வரைந்திருந்தேன். சம்பு பச்சையாகி ஆளுயரம் வளர்வது கோடையில். ஏப்ரலில் அது போன வருடத்துக் காய்ந்த பழுப்புத் தண்டுதான். நான் நேரில் பார்த்ததும் பழுப்பைத்தான். ஆனால் கையில் பச்சை வந்துவிட்டது, கண்ணுக்கு அழகு என்று. சம்பு அவ்வளவு வளர்ந்து நிற்கும் நேரத்தில் ஊசிவால் ஆண் இந்த வண்ணத்திலேயே இருக்காது. இணை சேரும் காலம் முடிந்ததும் பளபளப்பான இறகுகளை உதிர்த்துப் பெட்டை போலப் பழுப்பாகிவிடும். பறவை ஏப்ரலில், செடி ஜூலையில். உடற்கூறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற நடுவர்கள் இதை விடவே மாட்டார்கள்.

ஐம்பது வருடம் விடியற்காலையில் கோரைக்குள் உட்கார்ந்து பார்த்த கண் அது. வருடம் இரண்டு ஸ்டாம்ப் வாங்குகிறாராம், ஒன்று சட்டத்துக்கு, ஒன்று குட்டைக்கு. தம்பி, உன் கேள்விக்கு இவரையே பதிலாக வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வைக்க மனசு வரவில்லை. அவர் சுட்ட வாத்துகளும் கணக்கில் உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னணி முழுவதையும் மூடிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். 27 நாள் இருக்கிறது.

20 ஜூலை 2023

படத்தில் துப்பாக்கி, நாய் ஏதாவது இருந்தாக வேண்டுமா என்று ஒருவர். இல்லை. 2018 போட்டிக்கு வேட்டைப் பாரம்பரியத்தைக் காட்டும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2020-ல் அதை நிரந்தரமாக்கினார்கள். ஓவியர்கள் பலர் எதிர்த்தார்கள், 2021-ல் எடுத்துவிட்டார்கள். அந்த விதி இருந்திருந்தால் நான் அனுப்பியிருக்க மாட்டேன். உயிருள்ள பறவை படத்தில் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போதும் உண்டு. நாய் முதன்மையாக வந்த ஸ்டாம்ப் ஒன்றே ஒன்று, மேனார்ட் ரீஸ் வரைந்த 1959 ஸ்டாம்ப். சுட்ட பறவையைத் தேடி எடுத்துவரப் பழக்கிய நாய் இருந்தால் அடிபட்ட பறவை வீணாகாது என்று சொல்வதற்காக வந்தது.

5 ஆகஸ்ட் 2023

முடிந்தது. காய்ந்த சம்பு, உருகும் பனி, தாள் நடுவே பெட்டை, அவளுக்குப் பின்னால் தண்ணீரில் ஆண்.

பேக்கிங்கில் ஒரு கண்டம். சுற்றி ஓர் அங்குல அகலத்துக்கு வெள்ளை மவுன்ட் போர்டு வைக்க வேண்டும், மொத்தம் 9க்கு 12. ஒரு ஃபிரேம் கடையில் வெட்டக் கொடுத்தேன். தந்தத்தின் நிறத்தில், அதுவும் முக்கால் அங்குலத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால், எல்லாம் வெள்ளைதான் என்றார்கள். வீட்டுக்கு வந்து நானே பிளேடால் வெட்டினேன், நான்காவது அட்டையில் மூலை சரியாக வந்தது. மொத்தத் தடிமன் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கண்ணாடி போடக் கூடாது. அனுப்புகிறவர்கள் கடையை நம்பாமல் ஸ்கேலைக் கையில் எடுத்துப் போங்கள்.

வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் இருக்கும் போட்டி விலாசத்துக்கு அனுப்பினேன். ஆகஸ்ட் 15 தபால் முத்திரைக்குள் போய்விட வேண்டும். கவுன்டரில் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் கை காலியாக இருந்தது. மூன்று மாதம் பகலும் இரவும் அந்த ஜோடியோடு இருந்துவிட்டேன்.

8 ஆகஸ்ட் 2023

என் மகளுக்கு ஒன்பது வயது. அம்மா, வாத்துக்கு வீடு வாங்க எத்தனை பெட்ரூம் பார்க்கணும் என்று கேட்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஜூனியர் டக் ஸ்டாம்ப் போட்டி உண்டு. கட்டணம் கிடையாது, அளவு 9க்கு 12, கூடவே இயற்கையைப் பற்றி ஒரு வரி எழுதலாம். அந்த ஸ்டாம்ப் 5 டாலர். அவள் மர வாத்து வரையப் போகிறாளாம். நான் உதவக் கூடாது என்று கண்டிஷன்.

17 செப்டம்பர் 2023

அயோவாவில் இருக்கும் டெமாயின் நகருக்குப் போய் வந்தேன். நாலு மணி நேர ஓட்டம். இந்த வருடம் போட்டி அங்கே டிரேக் பல்கலைக்கழகத்தில், 15, 16 தேதிகளில்.

ஊரும் பொருத்தம். முதல் ஸ்டாம்பை வரைந்த டிங் டார்லிங் இங்கே டெமாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர், புலிட்சர் பரிசு இரண்டு முறை வாங்கியவர். 1934-ல் அரசின் உயிரியல் துறைக்குத் தலைவராகப் போய், இறங்கி வரும் ஒரு ஜோடி மல்லார்ட் வாத்தை வரைந்தார். புகலிடங்களின் வாசலில் பறக்கும் நீலப் பெருவாத்துச் சின்னமும் அவர் போட்டதுதான். போட்டி என்று வைத்தது அப்புறம், 1949-ல். அந்த முதல் தடவை 65 பேர் 88 படம் அனுப்பினார்கள். 1990-ல் நான்சி ஹவ் வெல்லும்வரை பெண் ஒருவர்கூட வென்றதில்லை. அவர் படம் 1991 ஸ்டாம்பில் வந்தது. 41 வருடம். அதை நினைத்துக்கொண்டேதான் அரங்குக்குள் போனேன்.

நடுவர் ஐந்து பேர். படத்தில் பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், ஐந்து பேரும் அட்டையைத் தூக்குவார்கள், உள்ளே அல்லது வெளியே. மூன்று பேர் உள்ளே என்றால் அடுத்த சுற்று. ஒரு படத்துக்குச் சில விநாடிதான். என் எண் வந்தது. உள்ளே, வெளியே, வெளியே, உள்ளே, வெளியே.

அவ்வளவுதான். வெளியேறிய படங்களில் ஒவ்வொரு நடுவரும் ஐந்து வரை திரும்ப அழைக்கலாம். என்னுடையதை யாரும் அழைக்கவில்லை. தொண்டை அடைத்தது. வெளியே போய்ப் புல்தரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வென்றது மொன்டானாவைச் சேர்ந்த சக் பிளாக். பறவை ஊசிவால். அதே பறவை! பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று கை தட்டினேன். பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் முழுவதும் இந்த நாட்டுத் தபால் நிலையங்களில் இருக்கப்போவது ஊசிவால் என்பது நெஞ்சை நிரப்பியது.

18 செப்டம்பர் 2023

என் படம் ஏன் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டையைத் தாளில் மறைத்து உட்கார வைத்தேன். இயற்கையில் அவள் மறைவதுதான் சரி. ஆனால் தீப்பெட்டி லேபிள் அளவில் அவள் முற்றிலும் காணாமல் போனாள். நடுவர்கள் பார்ப்பது மூன்று, உடற்கூறு, அமைப்பு, ஸ்டாம்பாகச் செதுக்கினால் எடுபடுமா என்பது. முதலாவதில் நான் தோற்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவதில் தோற்றேன். ஜூலை 2 குறிப்பில் போனில் சுருக்கிப் பார்த்ததை எழுதியிருக்கிறேன். ஆணை மட்டும்தான் சுருக்கிப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை.

14 ஏப்ரல் 2024

போன வருடம் பார்த்த அதே குட்டைக்குப் போனேன். இந்தக் குளிர்காலம் பனியே பெய்யவில்லை. குட்டை வறண்டு வெடித்துக் கிடந்தது. சம்புத் தண்டு மட்டும் காற்றில் உரசிக்கொண்டிருந்தது. பலகை இருக்கிறது, தண்ணீர் இல்லை. காசு கொடுத்து நிலத்தைத்தான் வாங்க முடியும்.

மகள் மர வாத்தை மார்ச்சிலேயே அனுப்பிவிட்டாள். கண்ணுக்கு அவள் போட்ட சிவப்பு, நான் போட்டிருந்தால் இவ்வளவு துணிந்து போட்டிருக்க மாட்டேன்.

7 ஜூலை 2024

தம்பி, உன் செய்தி பார்த்தேன். ஊசிவால் ஸ்டாம்ப் வாங்கிவிட்டாய், வேட்டை விஷயத்தில் மட்டும் மனசு இன்னும் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒப்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் உன் 25 டாலரில் 24.50 எங்கே போகிறது என்று இப்போது உனக்குத் தெரியும்.

நான் இரண்டு வாங்கினேன். ஒன்றைப் பெரியவருக்குக் கொண்டுபோனேன். முழங்கால் விட்டுவிட்டது, இந்த வருடம் வேட்டைக்குப் போகவில்லை என்றார். மேஜையில் அவர் வாங்கிய இரண்டு ஏற்கெனவே இருந்தன.

இந்த வருடப் போட்டிக்கு நான் அனுப்பவில்லை. நேற்று ஆர்டன்வில் பக்கம் போனேன். ஜூன் மாதம் விடாமல் பெய்த மழையில் குட்டை நிரம்பிவிட்டது. சம்பு பச்சைப் பசேல் என்று ஆளுயரம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு ஊசிவால் ஆண், பாதி இறகு உதிர்ந்து, சாக்லெட் தலை மங்கி, பெட்டை போலப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. நோட்டை எடுத்தேன். ஊசி இறகு இரண்டும் இல்லாத பின்பக்கத்தை எப்படி வரைவது என்று இன்னும் பிடிபடவில்லை. வருகிற சனிக்கிழமை திரும்பப் போகிறேன்.